பெருக்கிய மணல்

முயலுக்குப் பயந்து வேலி போட்டவர்கள் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேலி செய்வோர் உண்டு. பட்டவனுக்குத்தானே தெரியும்! முதலில் முள் அடைத்தார்கள்; முயல் புகுந்தது. கல்சுவர் எழுப்பினார்கள், அடியில் தோண்டிக்கொண்டு வந்தது. இரண்டு விளைச்சல் அதன் வயிற்றுக்குப் போன பிறகுதான், முழங்கை ஆழத்துக்கு மண்ணில் புதைத்த கம்பிவலையும் அதைக் காக்க ஆட்களும் வந்தார்கள்.

அப்படி ஒருவர்தான் நம் வேலிக்காரர். பதினெட்டு வருஷ வேலை. மச்சான் மீசையைப் பார்த்தாலே முயல் திரும்பி ஓடிவிடும் என்பார் அக்கா புருஷன். வேலியை ஒட்டி உள்ளே இருந்த முதல் கோதுமை வயல் அக்கா வீட்டாருடையது.

ஓட்டையைக் கண்டதும் அடைக்கக் கூடாது என்பது வேலிக்காரர்களின் விதி. முதலில் இருபுறமும் மணலில் தடம் பார்க்க வேண்டும். முயல் வந்ததா, போனதா, எத்தனை என்று குறித்த பிறகே கம்பியைத் தொடலாம்.

முந்தின வாரம் காய்ச்சலில் படுத்திருந்தவர், சுற்றிப் பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். திங்கட்கிழமை காலை ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. அதே நேரம் மேலதிகாரியின் ஜீப் தூரத்தில் புழுதி கிளப்பியது. பொய்க் கையெழுத்து வெளிப்பட்டுவிடுமே! அவசர அவசரமாக ஓட்டையைக் கம்பியால் பின்னி, ஒரு கிளையை ஒடித்து இருபுறமும் மணலைப் பெருக்கிவிட்டார். வந்த அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்துப் போனார்.

தடத்தைப் பார்க்காமலே அழித்துவிட்டோம் என்பது ஜீப் மறைந்த பிறகுதான் உறைத்தது. வெளியே போன தடமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே நூறு முறை சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை தடம் தெரிந்தது. வேலிக்கு உள்பக்கம். பின்னிய இடம் வரை வந்து, வழி கிடைக்காமல் வயலுக்கே திரும்பியிருந்தது. நடுவில் குட்டிகளின் தடமும் இருந்தது.

அக்காவிடம் ஓடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"வாயைத் திறக்காதடா," என்றாள். "வேலையும் போயிடும், வேலைக்குக் கொடுத்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. எங்க வயல் போனாப் போகட்டும்."

"உங்க வயலோட நிக்காதுக்கா. ஒண்ணு பத்தாகும், பத்து ஆயிரமாகும்."

அக்கா பிடித்த கையை விலக்கிவிட்டு ஆபீஸுக்குப் போன் செய்தார். வேலிக்குள் முயல் புகுந்துவிட்டதைச் சொன்னார். குமாஸ்தா நிதானமாகத்தான் பேசினார்.

"எத்தனை உள்ள வந்திருக்கு? அதுக்குத் தகுந்த மாதிரி ஆள் அனுப்பறேன்."

"தெரியாதுங்க. தடத்தை நானே பெருக்கி அழிச்சிட்டேன்."

மறுமுனையில் குமாஸ்தா, இருக்கிற ஆட்கள் எல்லோரையும் வரச் சொல்லுமாறு யாரிடமோ கத்துவது கேட்டது.