டைரக்ட் கனெக்‌ஷன்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கும் அவனைத் தெருவே "டைரக்டர்" என்றுதான் கூப்பிடும். சினிமாவுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மெஷினில் ஏதாவது ஸ்விட்ச் போய்விட்டால், அதற்குப் போகும் இரண்டு வயரையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே டேப் சுற்றி, "டைரக்ட் குடுத்துட்டேன், ஓட்டுங்க. புது ஸ்விட்ச் வந்ததும் மாட்டிடறேன்" என்பான். அப்படி வந்த பேர். புது ஸ்விட்ச் பெரும்பாலும் வந்து சேராது. ஓடுகிற மெஷினை யார் மறுபடி திறந்து பார்ப்பார்கள்?

அவனுடைய அக்கா வீட்டு மெஷினும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. துணி சுற்றும்போது மூடியைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதைக் கவனிக்கும் ஸ்விட்ச் போய் வெகு நாளாகியிருந்தது.

அக்கா தையல்காரி. முதல் மாடியில் கடை. எதையும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள். நல்ல சட்டை கண்ணில் பட்டால், போட்டிருக்கும் ஆளையே நிறுத்தி, காலரை மடித்து உள்பக்கத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். அவளுக்குக் கொஞ்ச நாளாகக் கடைப் படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள். சோதித்துப் பார்த்த ஆஸ்பத்திரியில் இதய ரத்தக் குழாய்களில் அடைப்பு என்றார்கள், பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள்.

கேட்டதும் அக்கா வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவோ தம்பி பக்கம் திரும்பினாள்.

"பைபாஸ்னா நீ குடுக்கிற டைரக்ட்தானேடா?"

"அதேதான்க்கா. கெட்டுப்போன இடத்தை விட்டுட்டு சுத்தி ஒரு லைன் போடுவாங்க."

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மாவிடம் அக்கா கேட்ட கேள்விகளில் அந்த அறையே கலகலப்பானது.

"அடைச்ச குழாயை எடுத்துடுவீங்களா?"

"இல்லம்மா, அது பாட்டுக்கு இருக்கும். உங்க காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்புக்கு முன்னால ஒரு முனை, அடைப்பு தாண்டி ஒரு முனைன்னு தைச்சிடுவோம்."

"காலுக்கு அது வேண்டாமா?"

"கால்ல வேற வழி இருக்கு. சமாளிச்சுக்கும்."

"என்ன நூல்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. தலைமுடி கனம்தான் இருக்கும். நீல நிறம்."

"தொடர் தையலா, தனித்தனி முடிச்சா?"

"தொடர் தையல்."

"அதான் சரி. முடிச்சு அதிகம்னா சுருக்கம் விழும்" என்று அக்கா தலையாட்டினாள். தம்பிக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டு மெஷினில் தான் கொடுத்த டைரக்ட்டைப் பற்றிச் சொன்னான். டாக்டரம்மா ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சுத்தும்போது மூடியைத் திறந்தா?" என்றார்.

"நிக்காது டாக்டர். ஆனா யாரும் திறக்க மாட்டாங்க."

ஆபரேஷன் அன்று காலையில் அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். கடைசியில், "மாப்ள, நான் வீட்டுக்குப் போய் அவ துணியெல்லாம் துவைச்சு எடுத்துட்டு வந்துடறேன். இங்க இருந்தா எனக்கும் ஒரு கட்டில் போடணும்" என்று கிளம்பிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை. போகட்டும், கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு அடங்கும் என்று தம்பியும் விட்டுவிட்டான்.

கேன்டீனில் டீ குடிக்கப் போனவன், எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தான். ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுற்ற விடும் மெஷினை ஓட்டுகிறவராம். இன்று அவருக்கு வேறு வேலை, உள்ளே வேறு ஆள்.

"அப்ப எங்க அக்கா இதயம் இப்ப ஓடலையா?"

"நிறுத்தி வச்சிருப்பாங்க. ரத்தம் இதயத்துக்குப் போகாம எங்க மெஷினுக்கு வந்து, அங்கிருந்து உடம்புக்குப் போகும். அதுவும் ஒரு பைபாஸ்தான்."

தம்பி டீயை மறந்தான். மெஷின் என்றதும் அவனுக்கு ஆயிரம் கேள்வி. ரத்தத்தில் காற்றுக் குமிழி வந்தால்? கத்தும், பம்ப் நிற்கும். தொட்டியில் ரத்த மட்டம் இறங்கினால்? அதற்கும் ஒரு சென்சார் உண்டு.

"சும்மா சும்மா கத்தினா என்ன பண்ணுவீங்க? அந்த சென்சாரை டைரக்ட் பண்ணிடுவீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபமில்லை, புரியாத பார்வைதான். "அதை எதுக்குங்க பண்ணணும்? ரத்தம் போறதுக்கு வழி பண்றது ஒண்ணு. ஆபத்துன்னு சொல்ற வாயைக் கட்டுறது வேற இல்லையா?"

தம்பி பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கை போனை எடுத்திருந்தது. வீட்டில் மாமா துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மெஷினில்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். கதவு திறந்தே கிடந்தது. குளியலறைத் தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அக்காவின் புடவை ஒன்று பாதி வெளியே, பாதி மெஷினுக்குள்.

"எட்டிப் பார்த்தேன் மாப்ள. புடவை முந்தி வெளியே வந்திருந்துச்சு, உள்ளே தள்ளலாம்னு கையை விட்டேன். அது நிக்கவே இல்ல. கையோட சுத்திக்கிச்சு. நல்லவேளை, இடது கைக்கு பிளக் எட்டுச்சு."

தம்பி ஈரத்தில் மண்டியிட்டான். "என்னால வந்தது மாமா."

"அதை அப்புறம் பேசிக்கலாம், முதல்ல தூக்கி விடு. அவளுக்கு முடிஞ்சிருக்குமா?"

அதே ஆஸ்பத்திரியில், ஒரு மாடி கீழே, அவருக்கு எலும்பு விரிசலுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு காய்வதற்குள் மேலேயிருந்து செய்தி வந்தது: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இதயம் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. மாமா தன் மாவுக்கட்டு மேல் முகத்தை வைத்து அழுதார்.

மறுநாள் பார்க்க விட்டபோது அக்கா கண்ணைத் திறந்து புருஷனின் கையைப் பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எனக்குத்தானே ஆபரேஷன்?"

தம்பி எதையும் மறைக்காமல் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்காவுக்கோ வேறு கவலை.

"எந்தப் புடவை?" என்றாள். "உன் கல்யாணப் பட்டு" என்றார் மாமா. சிரிக்க வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்." கொஞ்ச நேரம் கழித்து, தம்பியை உற்றுப் பார்த்தாள்.

"எத்தனை வீட்டுலடா இப்படி ஓடுது?"

அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனை உறங்க விடவில்லை.

அக்கா வீடு திரும்புவதற்குள் அந்த மெஷினுக்கு ஸ்விட்ச் மாட்டினான். பிறகு ஞாபகத்தில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போகத் தொடங்கினான். சில வீடுகளில் ஆள் மாறியிருந்தார்கள், சில வீடுகளில் மெஷினே மாறியிருந்தது. ஒரு வீட்டம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா ஓடுதேப்பா. ஓடுறதை எதுக்குப் பிரிக்கிறே?"

"நிக்கிறதுக்குத்தான்க்கா" என்றான்.

அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் வழிவிட்டார். டேப்பைப் பிரித்து, வயரைச் சீவி, ஸ்விட்ச்சை மாட்டிவிட்டு, துணியைப் போட்டுச் சுற்ற விட்டான். "இப்ப நீங்களே மூடியைத் திறங்க" என்றான்.

திறந்தார். சுற்றிக்கொண்டிருந்த தொட்டி வேகம் தணிந்து, முனகி, நின்றது.

"ஐயையோ, நின்னுபோச்சே! கெடுத்துட்டியே!"

"கெடலக்கா. மூடிப் பாருங்க."

மூடினார், ஓடியது. திறந்தார், நின்றது. அந்த அம்மாவின் முகம் மெதுவாக மாறியது. உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டு மறுபடி மூடினார், மறுபடி திறந்தார். அவர் விடுவதாக இல்லை. டைரக்டர் தன் டூல் பெட்டி மேல் உட்கார்ந்து, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.