பெயர்மேல் படர்ந்த பாசி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ‘விதையிலாத் தாவரங்கள்: இயல்பும் முக்கியத்துவமும்’ என்று ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். “பூவுலகின் பச்சை முன்னோடிகளே...” என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். பாசிக்கு மைக் வேண்டாம்.)

பிறகு சாந்தோமில் இருக்கும் தாவரவியல் ஆசிரியை நோராவிடம் கேட்டேன். பாசிக்கும் பெரணிக்கும் பூவில்லை, காயில்லை. கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பரவும்.* பாசிக்கு வேர்கூடக் கிடையாது.

“வெறுங்கல்லுல மொதல்ல குடிவர்றது அதுதான் சார். அது மண்ணைப் புடிச்சு வெச்சாத்தான் மத்ததெல்லாம்.”

* மரமாய் நின்ற பழைய பெரணிகள் புதைந்துதான் நிலக்கரி ஆயின. எழும்பூரில் புகைவிடும் எஞ்சினுக்கு இது தெரியாது.

2

நோராவைப் பிள்ளையில்லாதவள் என்று முதலில் எழுதினேன். விதையில்லாச் செடி, பிள்ளையில்லாப் பெண்! இந்த மலிவுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கும்.

அவளுக்கு ஒரு மகன் இருந்தான். ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு வீட்டில் யாரும் அவன் பெயரை உச்சரித்ததில்லை. கணவர் லூயிஸுக்கு அது கல்லறைக் கல்லில் இருந்தால் போதும்.

3

1972, கல்லறைத் திருநாள். கல்லறையைச் சுரண்டி, சுண்ணாம்படித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். சென்னையில் மழையும் பாசியும் சரியாக அப்போதுதான். லூயிஸ் சுரண்டியை எடுத்தார்.

“வேணாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“இன்னா நோரா, இது உன் காலேஜ் லேபா? பேரே தெரியல.”

“நாம வெக்கல, தண்ணி ஊத்தல. தானா வந்து அவன்மேல உக்காந்திருக்கு. வுட்டுடுங்களேன்.”

“பேரும் போச்சுன்னா, அவன் எங்க இருக்கான் சொல்லு?”

அதற்கு நோரா (இங்கே ஓர் உருக்கமான பதில் வைத்திருந்தேன். அது என்னுடையது, அவளுடையதல்ல.)

4

முடிவு ஒன்று: லூயிஸ் எழுத்துகள்மேல் இருப்பதை மட்டும் சுரண்டி, மற்ற பச்சையை விட்டுவிடுகிறார். எல்லோருக்கும் திருப்தி. பத்திரிகைக்குச் சந்தா கூடும். வேண்டாம்.

முடிவு இரண்டு: லூயிஸ் சுரண்டியை எறிய, வானம் இடித்து... சினிமாவில்தான் மழை சொன்ன நேரத்துக்கு வரும்.

மூன்றாவதில் பாதிவரைதான் வர முடிந்தது. கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்த புதுப் பங்குத்தந்தை, பச்சை மூடிய கல்லைக் குனிந்து பார்த்தார்.

“பேரு தெரியலையே. யாருக்காக வேண்டிக்கணும்? சொல்லுங்கம்மா. சார், நீங்க?”

சுரண்டி லூயிஸ் கையிலேயே நிற்கிறது. நோரா கணவரைப் பார்க்கிறாள். அவர் கல்லைப் பார்க்கிறார்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள். யார் முதலில் வாயைத் திறந்தார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஃபாதருக்கு அவசரமில்லை.