கஞ்சி போட்ட நோட்டுகள்

கடைசி ரோப் கார் புறப்பட ஒரு மணி நேரம்கூட இல்லை. மறுநாள் காலையில் ஊர் திரும்பும் விமானம். பனி இருந்தது மலை உச்சியில். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் இஸ்திரிக் கடைக்காரரும் அவர் மனைவியும் இத்தனை தூரம் வந்திருந்தார்கள்.

டிக்கெட்டுக்கு அந்த ஊர்ப் பணம் வேண்டும். நிலைய வாசலிலேயே பணம் மாற்றும் கவுன்ட்டர் இருந்தது. அங்கே மாற்றினால் கையிலிருப்பது ஒரு டிக்கெட்டுக்குத்தான் வரும்.

"நீ போய்ட்டு வா. நான் கீழருந்து பாக்கறேன்" என்றார்.

"தியாகியாட்டம் நிக்காதீங்க. நடங்க. ஊர்ல வேற கடையே இல்லையா?"

அவள் முன்னே ஓடினாள். முதல் கடையில் விலை நன்றாக இருந்தது, கமிஷன் பிடித்தார்கள். அடுத்ததில் பெரிய தொகைக்கு மட்டும்தான் பலகையில் இருந்த விலை. பேருந்து நிலையத்தின் பின்சந்தில், செருப்புக் கடையை ஒட்டி இன்னொன்று. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மொத்தத்தைக் கால்குலேட்டரில் அடித்துத் திருப்பிக் காட்டினாள். பிடித்தம் இல்லை. இரண்டு டிக்கெட், மேலே போய் டீ குடிக்கவும் மிச்சம். மனைவி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் நோட்டுக்கட்டைப் பெருமையாக நீட்டினார். எண்ணும் இயந்திரம் நாலைந்தை விழுங்கிவிட்டுக் கத்தியது. கவுன்ட்டர் பெண் மறுபடி வைத்தாள். மறுபடி கத்தியது. அந்தப் பெண் ஒரு நோட்டின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். வளையாமல் தகரம் மாதிரி நின்றது. தலையை ஆட்டிக் கட்டைத் திருப்பித் தள்ளினாள்.

மனைவி தடவிப் பார்த்தாள். "என்னங்க பண்ணீங்க இத?"

கசங்கிய நோட்டுக்கு வெளிநாட்டில் விலையைக் குறைப்பார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருக்கிறார். இவர் ஒவ்வொன்றுக்கும் கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் தேய்த்திருக்கிறார்.

அவள் கோபப்படவில்லை. நேரம் இல்லை. கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு நோட்டாகத் துடைத்தாள். உதறினாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, தொடையில் நீவினாள். அவர் செருப்புக் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்களும் கசக்குங்க."

"என் கையால முடியாதுடி."

"அப்ப கீழயே நில்லுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கசக்கினார். அப்புறம் இன்னொன்று. நாலாவதுக்குக் கண்ணை மூடவில்லை.

இந்தமுறை இயந்திரம் சடசடவென்று ஓடி முடித்தது. கத்தவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு ஓடினார்கள். சந்து, சிக்னல், படிக்கட்டு. இரண்டு டிக்கெட் வாங்கினார்கள். மூடப்போன கதவைக் காவலாளி காலால் தடுத்து நிறுத்தினார்.

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே எழுந்தது. கூரைகள் கீழே இறங்கின. சாலை நூலானது. மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அதோ, அதோ என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

உச்சியில் கதவு முழுதாகத் திறப்பதற்குள் அவள் வெளியே குதித்தாள்.

பனியை அவள் எட்டுவதற்குள் அவர் முந்திவிட்டார். இரண்டு கைகளையும் முழங்கை வரை பனிக்குள் விட்டிருந்தார்.