சூப்பில் இறைச்சி விழுந்த நாள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். இதற்கு முன் இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, கட்சி காட்டும் வழியை விட்டு விலக மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பிறகு லெனின்கிராடில் விசாரணை அதிகாரியின் முன்னால், என் கட்டிலுக்கடியில் அகப்பட்ட ஹீப்ரு பாடப்புத்தகத்தை எலிகள் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று சத்தியம் செய்தேன். இரண்டும் எடுபடவில்லை. அதனால் மூன்றாவது சத்தியத்தில் கொஞ்சம் கவனமாக இருக்கிறேன்.

எழுதச் சொன்னவள் ரிம்மா, நௌம் லசாரெவிச்சின் மகள். இஸ்ரேலில், பேர்ஷெபாவில் இருக்கிறாள். அப்பாவின் நினைவாகச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறாளாம். முகாமில் அவரோடு இருந்தவர்களில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், அந்த நோன்புக் கதையை நான்தான் எழுத வேண்டுமாம். "கொஞ்சம் பொய் கலக்காம எழுதுங்க, மாமா" என்று போனில் சொன்னாள். அவளுக்கே முடி வெளுத்துவிட்டது. நான் இன்னும் மாமாதான்.

அது சோவியத் கைதி முகாம், யூரல் மலைப் பக்கம். வருடம் 1974. அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதியவர்கள், பேசியவர்கள், பேசியதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தோம். உக்ரைன்காரர்கள், லித்துவேனியர்கள், பிறகு நாங்கள். யூதர்கள் மூன்று பேர்: சியோமா என்கிற நான், இயற்பியல் படித்த விதாலி, அறுபத்தைந்து வயது நௌம் லசாரெவிச். யூதர்களாக வாழ எங்களை இஸ்ரேலுக்குப் போக விடுங்கள் என்று கேட்டுத்தான் மூவரும் உள்ளே வந்தோம். யூதர்கள் எப்படி வாழ்வார்கள் என்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது. நான் அந்தப் பாடப்புத்தகத்தில் மூன்றாம் பாடத்தைத் தாண்டியதில்லை. விதாலிக்கு ஒரு தாலாட்டு தெரியும், அதுவும் பாதி. நௌம் லசாரெவிச்சுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அதை மறப்பதற்காக இளமை முழுவதும் பாடுபட்டவர் அவர்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சூப் என்று ஒன்று தருவார்கள். அப்படி ஒரு தெளிவு. கிண்ணத்தைப் பத்திரிகையின் மேல் வைத்துத் தலையங்கம் முழுவதையும் அதன் வழியாகப் படித்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். யாருடைய கிண்ணத்திலாவது ஒரு முட்டைக்கோஸ் இலை விழுந்துவிட்டால், அவன் அதிகாரிகளுக்குத் துப்பு சொல்கிறவனாக இருப்பானோ என்று மற்றவர்கள் ஒதுங்கி உட்காருவார்கள்.

பட்டறையில் கையுறை தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நௌம் லசாரெவிச் தன் கதையைச் சொன்னார். தையல் இயந்திரங்களின் இரைச்சலில் ஒட்டுக்கேட்க முடியாது. அவரும் தலை நிமிரவில்லை.

அவருடைய ஊர் பெலாரஸில் ஒரு சிற்றூர். பதினேழு வயதில் இளைஞர் கம்யூனிஸ்ட் சங்கத்தில் முன்வரிசையில் இருந்தார். யோம் கிப்பூர் அன்று ஊரில் உள்ள யூதர்கள் எல்லாரும் தண்ணீர்கூடக் குடிக்காமல், இருட்டும்வரை தொழுகைக்கூடத்தில் நின்று, அந்த வருடத்துப் பாவங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சங்கத்துப் பையன்கள், அவர்களும் யூதர்கள்தான், தெருவின் எதிர்ப்பக்கம் மேசை போட்டு, பித்தளை வாத்தியங்களை முழக்கி, யூதர்களுக்கு விலக்கான பன்றி இறைச்சி சாசேஜைத் தின்று காட்டினார்கள். மூடநம்பிக்கையை ஒழிப்பதற்காக. ஊரில் எல்லாருக்கும் தெரியும்படி மேசைமேலேயே ஏறி நின்று தின்றவர் நௌம்.

அப்போது அவருடைய அப்பா மூச்சு வாங்க வெளியே வந்தார். வெள்ளை அங்கி, வறண்ட உதடு. மகனைப் பார்த்தார்.

"நல்லா மென்னு தின்னு, நௌம்கா. உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வயிறு சரியில்ல."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். பிறகு வீட்டிலும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாற்பத்தொன்றில் ஜெர்மானியர்கள் வந்து ஊரோடு சேர்த்து அவரையும் பள்ளத்தோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

"ஓங்கி ஒரு அறை விட்டிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன், சியோமா. வயித்தப் பத்திச் சொன்னாரே, அதான்" என்றார். அன்று அவர் தைத்த கையுறையில் ஆறு விரல் இருந்தது. 

அதற்குப் பிறகு அவர் சாசேஜைத் தொட்டதில்லை. ஆனால் நோன்பும் இருந்ததில்லை. தொழிற்சாலையில் பொறுப்பான பதவி, கட்சி அட்டை, தைரியம் வரவில்லை. வயதான பிறகு தைரியம் வந்தது, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார், மனு எழுதினார், முகாமுக்கு வந்து சேர்ந்தார். இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசை. சாவதற்குள் ஒருமுறை, சரியான நாளில், அப்பா நின்றதுபோல் நிற்க வேண்டும். உடம்பு அடுத்த வருடம்வரை தாங்காது என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

கஷ்டம் என்னவென்றால், அந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. யூதப் பண்டிகைகள் நிலவைப் பார்த்து வருகிறவை. வருடத்துக்கு வருடம் இடம் மாறும். கடிதத்தில் கேட்டால் தணிக்கையில் கறுப்பு மை பூசிவிடுவார்கள். நிலவை வைத்துக் கணக்குப் போடுகிறேன் என்றான் விதாலி. யூரலில் நிலவு தெரிவது அபூர்வம். இருந்தாலும் போட்டான். செப்டம்பரில் மூன்று தேதிகள் வந்தன, மார்ச்சில் ஒன்று.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

எங்கள் முகாமில் மதப் பண்டிகைகளைப் பிசகாமல் அனுசரித்த ஆள் ஒருவர் இருந்தார்: அரசியல் போதனைக்குப் பொறுப்பான கேப்டன் குரென்கோவ். மேலிடத்திலிருந்து அவருக்கு ஏதோ சுற்றறிக்கை வரும் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத பெரிய வெள்ளியன்று லித்துவேனியர்களின் கஞ்சியில் பன்றிக்கொழுப்பு மிதந்தது. பஸ்காவன்று, அதாவது யூதன் ரொட்டியைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாத நாளில், வாழ்க்கையில் பார்த்திராத வெள்ளை ரொட்டியைச் சூடாகக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார்கள். அன்று பஸ்கா என்று எங்களுக்குத் தெரிந்ததே அந்த ரொட்டியால்தான். ஒரு மாதம் கழித்து விதாலியின் அம்மா எழுதிய கடிதம் அதை உறுதிசெய்தது.

"குரென்கோவ்தான் நம்ம மதகுரு, நம்ம ரப்பி" என்றேன். "தேதி அவர் சட்டைப்பையில இருக்கு. சூப்புல என்னிக்கு இறைச்சி விழுதோ, அன்னிக்குத்தான் நோன்பு."

நௌம் லசாரெவிச் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன்ன நம்பி இறங்கலாமாடா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

"போன வாரம் சூப்புல ஒரு மீன் நீந்திச்சு, உன்னப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சுன்னு சொன்ன."

"அது வேற. இது விஞ்ஞானம்."

விதாலியும் யோசித்துவிட்டு, நிலவைவிடக் கேப்டனை நம்பலாம் என்று ஒத்துக்கொண்டான்.

செப்டம்பர் பதினாறு, திங்கட்கிழமை. விடியும்போதே வாசனை வந்துவிட்டது. இதை யாரும் நம்புவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கோபுரத்துக்குக் கீழே கட்டியிருந்த காவல் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு சமையற்கட்டின் வாசலில் போய் உட்கார்ந்தது. காவலர்கள் அதன் பின்னால் போய் நின்றார்கள். வெளி வாசல் திறந்தே கிடந்தது. அன்று காலை நாங்கள் எல்லாரும் நடந்தே ருமேனியாவுக்குப் போயிருக்கலாம். வாசனையை விட்டுவிட்டுப் போக ஒருவனுக்கும் மனம் வரவில்லை.

நௌம் லசாரெவிச் காலைக் கஞ்சியைத் தொடவில்லை. நோன்பு முந்தின மாலையே தொடங்க வேண்டுமே, ராத்திரி சாப்பிட்டுவிட்டேனே என்று கவலைப்பட்டார். ராத்திரி கொடுத்ததைச் சாப்பாடு என்று எந்த ரப்பியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நான் தேற்றினேன். நோன்பு நாளில் கூடாதென்று முகத்தைக் கழுவக்கூட மறுத்துவிட்டார். தன் போர்வையில் இருந்ததிலேயே வெளுப்பான பக்கத்தை வெளியே தெரியும்படி தோளில் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்துக்குக் கேப்டனே வந்தார். கூடவே மேலிடத்திலிருந்து வந்திருந்த, பளபளக்கும் பூட்ஸ் போட்ட, முன்பின் தெரியாத ஒரு கனத்த ஆள். அந்த ஆள் அண்டாவில் கரண்டியை விட்டு ருசி பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். ரப்பிக்குத் துணையாக இன்னொரு ரப்பியையும் அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் விதாலியின் காதில் சொன்னேன். அவன் வாய் நிறைய இருந்தது.

என் கிண்ணத்தில் ஒரு துண்டு இருந்தது. தேதியைக் கண்டுபிடித்தவனும் நோன்பு இருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் பாடத்தைத் தாண்டாதவன்.

நௌம் லசாரெவிச் தன் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்த உக்ரைன் கிழவர் ஓஸ்தாப்பிடம் நகர்த்தினார். ஓஸ்தாப் இரண்டு கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, யூதர்களுக்கு மாதம் ஒரு பண்டிகையாவது இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். கேப்டன் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, சாப்பிடலியா?"

"பசியில்ல, கேப்டன்."

"இறைச்சி போட்டிருக்கு. இன்னிக்குப் போயா பசியில்ல? இன்னிக்கு அப்படி என்ன விசேஷம்?"

என்ன நடிப்பு என்று நான் மனதுக்குள் மெச்சினேன். நௌம் லசாரெவிச் நிமிர்ந்து நின்றார். அன்று காலையிலிருந்து உட்காரவே இல்லை, அப்போதுதான் கவனித்தேன்; பெஞ்சில் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"எங்க அப்பாவுக்கு ஒரு பாக்கி இருக்கு" என்றார்.

பளபள பூட்ஸ்காரர் கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. உணவு மறுப்பு என்றால் உண்ணாவிரதப் போராட்டம். அதற்குத் தண்டனை அறை. சிமெண்ட் தரை, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு. ஒரு நாள் நோன்பு கேட்டவருக்கு அரசாங்கம் தாராளமாக அளந்தது. இரண்டு காவலர்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனபோது அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்லும் தலையசைப்பு. என் பல்லிடுக்கில் இறைச்சி நார் மாட்டியிருந்ததால் வாயைத் திறக்காமல் நானும் தலையசைத்தேன்.

அவரை வெளியே விட்ட தேதி எனக்கு மறக்காது. செப்டம்பர் இருபத்தாறு, என் பிறந்தநாள். மத்தியானம். மாதத்தில் முதல் தடவையாக வெயில் அடித்தது. பட்டறைச் சுவரோரம் இருந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்தோம். ஆள் பாதியாகியிருந்தார், ஆனால் முகத்தில் அப்படி ஒரு இலேசு.

"பேசினேன்டா" என்றார். "அப்பாகிட்ட. முழுசா."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா கேட்டுக்கிட்டாரு."

என் மனைவி வருடத்துக்கு ஒருமுறை அனுப்ப முடிந்த பார்சல் அந்த வாரம் வந்திருந்தது. அதில் புகையூட்டிய சாசேஜ் ஒன்று. பிறந்தநாளுக்கென்று வைத்திருந்ததை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது மட்டும் வேணாம், சியோமா. வேற எதுனாலும் குடு."

"கணக்குத் தீந்துடுச்சு, நௌம் லசாரெவிச். அவரு கேட்டுக்கிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க. இனிமே இது வெறும் சாசேஜ்தான். எனக்காக. என் பிறந்தநாளு."

நான் விடவில்லை. கெஞ்சினேன், கேலி செய்தேன், தின்னாவிட்டால் ஓஸ்தாப்பிடம் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினேன். கடைசியில் எடுத்துக் கடித்தார். கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கி மத்தியான நிகழ்ச்சிக்காகப் பித்தளை வாத்திய இசையைத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, இருந்த சில பற்களால், அவசரமே இல்லாமல், கடைசித் துண்டுவரை தின்றார். முகாமே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா மென்னு தின்னேன்" என்றார், விரலைத் துடைத்துக்கொண்டு. "அவர் சொன்ன மாதிரி."

உடம்பு தாங்காது என்று அவர் நினைத்தது தப்பு. பேர்ஷெபாவுக்கு வந்து பல வருடம் இருந்தார். நோன்பு முடிந்து சாப்பிட உட்காரும் ஒவ்வொரு வருடமும் என்னை ஹைஃபாவிலிருந்து வரவழைத்து, பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி, தேதியைக் கண்டுபிடித்தவன் இவன்தான் என்று என் தோளைத் தட்டுவார். நான் குனிந்து என் செருப்பைப் பார்ப்பேன். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார்: "வேற எதுவும் உருப்படியாச் செய்யலடா. அந்த ஒரு நாளச் சரியாச் செஞ்சேன்." அன்றும் செருப்பைத்தான் பார்த்தேன். அதன் வார் எப்படித் தைத்திருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம்.

ரிம்மாவுக்காக இதை நான்கு தடவை எழுதினேன். நான்கு தடவையும் சாசேஜோடு நிறுத்திவிட்டேன். பொய் கலக்காமல் எழுதச் சொன்னாள், சத்தியமும் செய்துவிட்டேன். இஸ்ரேலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒன்றுதான் பாக்கி.

அந்த வருடம் யோம் கிப்பூர் நோன்பு வந்தது செப்டம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை.