கடைமடை உயிரியல்

பிளஸ் ஒன் சேர்ந்த மூன்றாவது வாரம், சண்முகவள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்து அவள் அய்யா மூக்கையாவின் முன்னால் வைத்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்து எந்தப் பாடத்தை எவ்வளவு நேரம் படிக்கப் போகிறாள் என்று அதில் நிரப்பவேண்டும். கீழே தகப்பனார் கையெழுத்துப் போடவேண்டும். பிளஸ் டூ முடித்து எழுதப் போகிற நுழைவுத் தேர்வுக்கு இப்போதே திட்டம் போடாதவர்களுக்கு இன்ஜினியரும் கிடையாது, டாக்டரும் கிடையாது என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

வேறு தகப்பனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பான். மூக்கையா நெட்டியேந்தல் கண்மாய்க்குத் தலைவர். இருபது வருடமாக யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று பிரித்துக் கொடுத்துக் கொடுத்து, பிரிக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கண்மாய்தான் தெரியும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாடம் நாலு. நேரம், விடியற்காலை நாலு மணியிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும்.

"இது முறைத் தண்ணிப் பிரச்சினையாச்சே! நான் தனியாளாப் பிரிச்சா நாளைக்கு ஊரு ஒண்ணுகெடக்க ஒண்ணு பேசும்" என்றார்.

"அய்யா, இது என் படிப்பு. ஊரு என்ன பேசப் போகுது?" என்று வள்ளி கேட்டாள்.

அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குச் சொல்லிவிடக் கிளம்பிவிட்டார். இது நடந்தது தொண்ணூற்று மூன்றாம் வருடம். அந்த வருடம் மழையும் சரியில்லை. பிரிப்பதற்குக் கண்மாயில் தண்ணீர் இல்லாமல் ஊர்ப் பெரியவர்கள் கை அரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பிரிக்க ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஒருவர் பாக்கியில்லாமல் கண்மாய்க்கரைப் பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சின்னக்கருப்பனும் வந்திருந்தான், ஆனால் கூட்டத்துக்காக அல்ல. அவன் மூக்கையாவின் வயலில் வேலை செய்கிறவன், அன்றைக்கு அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். ஐம்பது வயதில் அவனுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஊரில் எல்லார் முறைக்கும் மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டிவிட்டவன் அவன்தான். அவனுடைய முறை என்று ஒன்று இருந்ததே இல்லை. நிலம் இல்லாதவனுக்கு எங்கே முறை?

கூட்டம் ஒரே மனதாக முடிவெடுத்தது. கணக்கு தலைமடை, அது மூக்கையாவுக்கு. அடுத்தது இயற்பியல். மோட்டார் ரிப்பேர் தெரிந்தவர் என்பதால் அது இருளாண்டிக்கு. மூன்றாவது வேதியியல், அது சோணையம்மாளுக்கு. புருஷன் போனபிறகு ஆறு ஏக்கரைத் தனியாளாக நின்று விளைவிக்கிற அந்த அம்மாளுக்கு உர மூட்டையைத் தொட்டாலே உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். இந்த மூன்றுக்கும் முக்கால் முக்கால் மணி நேரம். கடைசியில் அரை மணி மிச்சம், உயிரியல் மிச்சம். அதில் தவளையை அறுக்கவேண்டும், கரப்பான்பூச்சியைப் பிளக்கவேண்டும் என்று தெரிந்ததும் நிலக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பங்குன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ஆளு வேணும். ஆளில்லாத முறையைப் பக்கத்து வயக்காரன் திருடிருவான்" என்றார் மூக்கையா. சுற்றிப் பார்த்தார். குடையோடு நின்ற சின்னக்கருப்பன் கண்ணில் பட்டான்.

"ஏலே சின்னக்கருப்பா, நீ வச்சுக்கிறியா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபிறகு தலையை ஆட்டினான். நோட்டில் அவன் பெயரை எழுதி, கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தச் சொன்னார்கள். கண்மாய் நோட்டில் அவன் பெயர் ஏறுவது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிறவரைக்கும் அந்த விரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

கண்மாய்ச் சட்டம் அப்படியே படிப்புக்கும் பொருந்தும் என்று தீர்மானமாயிற்று. தன் முறை வரும்போது பங்குக்காரன் நேரில் வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் முறை போயிற்று. மண்வெட்டி இல்லாமல் வந்தாலும் முறை செல்லாது. மண்வெட்டி எதற்கு என்று வள்ளி கேட்டதற்கு, "மண்வெட்டியில்லாம எவன் முறைக்குப் போவான்?" என்று சோணையம்மாள் திருப்பிக் கேட்டாள். ஒருமுறை கொடுத்த பங்கைப் பங்குக்காரன் கைநாட்டு இல்லாமல் திரும்ப வாங்கமுடியாது என்பதும் சட்டம். கரண்டு போனால் அது மழை பெய்த கணக்கா, வாய்க்கால் உடைந்த கணக்கா என்பது மட்டும் கடைசிவரைக்கும் முடிவாகவில்லை.

இப்படியாக அந்தப் பிள்ளை நாலு மண்வெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் அம்மா பங்குக்காரர்களுக்குக் காபி போட்டே இளைத்துப் போனாள்.

கணக்கு நேரத்தில் மூக்கையா உட்கார்ந்தபடியே தூங்கினார். ஆனால் அவர் தலைவர் என்பதால் அதை யாரும் சொல்லவில்லை. இயற்பியல் நேரத்தில் இருளாண்டி தன் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, நேரம் முடிகிற சமயம் பார்த்து, "இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுரு" என்று ஆரம்பிப்பார். வேதியியல் தண்ணீரில் பத்து நிமிடம் அப்படித் தினமும் திருடு போயிற்று. சோணையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, அட்டையின் நிறம் தெரியும். பச்சை அட்டை இயற்பியல், ஊதா அட்டை வேதியியல். ஒருநாள் ஊதா அட்டை விரிந்துகிடந்தும் உள்ளே இருந்த படத்தில் கப்பியும் கயிறும் தெரியவே அந்த அம்மாள் புத்தகத்தைப் பிடுங்கி உதறினாள். ஊதா அட்டை கழன்று விழுந்தது. உள்ளே பச்சை.

"அட்டையை மாத்திப் போட்டு என் தண்ணியத் திருடுறியா? இது அடுக்குமா உனக்கு?"

"ஆத்தா, ஒரு கணக்குத்தான் ஆத்தா!" என்றார் இருளாண்டி.

மண்வெட்டிகள் உயர்ந்தன. வள்ளி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கே கூட்டம் கூடி, இருளாண்டியின் இரண்டு நாள் முறையைப் பறித்தது. அந்த இரண்டு நாளும் இயற்பியல் நேரத்தில் யாரும் எதையும் படிக்கக் கூடாது என்று வள்ளியைச் சும்மா உட்காரவைத்தார்கள்.

இந்தக் கலாட்டாவெல்லாம் அடங்கி ஆறேகாலுக்கு மற்றவர்கள் கிளம்பியபிறகுதான் சின்னக்கருப்பன் உள்ளே வருவான். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவருவான். முதல் நாள் அவன் தரையில் குத்தவைத்து, "நீ படி தாயி. வருதான்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

வள்ளி வாய்விட்டுப் படித்தாள். அவன் கேட்டான். கரப்பான்பூச்சியின் இதயத்தில் பதின்மூன்று அறைகள் என்றதும் கையை உயர்த்தித் தடுத்தான்.

"எத்தனை?"

"பதிமூணு, கருப்பண்ணே."

"மனுசனுக்கு?"

"நாலு."

"கரப்பானுக்குப் பதிமூணா? எங்க வீட்டுக்கே ஒண்ணுதானே தாயி இருக்கு." அவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "இன்னொருக்கச் சொல்லு. களையெடுக்கப் போற எடத்துல கேப்பாக."

களையெடுக்கிற பெண்கள் அதைக் கேட்டார்கள், அதற்குமேலும் கேட்டார்கள். எதற்குப் பதின்மூன்று, ரத்தம் ஏன் சிவப்பாக இல்லை, தலையை வெட்டினாலும் ஏன் ஓடுகிறது. அவ்வளவையும் அவன் மறுநாள் காலையில் கொண்டுவந்து வள்ளியிடம் கொட்டுவான். புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொன்னால் அவனுக்கு ஏறாது. அவனுக்கு ஏறுகிற மாதிரி சொல்வதற்காக அவள் முதல் நாள் ராத்திரியே படித்துவைக்க வேண்டியிருந்தது. மண்புழுவைப் பற்றி மட்டும் அவனே அவளுக்கு ரொம்பச் சொன்னான். அந்த அரை மணி நேரத்துக்காக அவன் நாள் முழுக்க ஏங்க ஆரம்பித்துவிட்டான் என்பதுதான் உண்மை. காய்ச்சலில் படுத்த அன்றைக்கும் அவன் பெண்சாதி ராக்குவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, முறையை வாங்கிக்கொண்டுதான் போனான். ராக்கு வாசலிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அரையாண்டுப் பரீட்சை மார்க்கு வந்தது. மூக்கையா அதை விளைச்சல் என்று சொல்லிக் கூட்டத்தில் வாசித்தார். இருநூறுக்குக் கணக்கு தொண்ணூற்றாறு. இயற்பியல் எழுபத்தொன்று. வேதியியல் எண்பத்தெட்டு. உயிரியல் நூற்று எண்பத்தொன்று.

கோயிலில் கூடியிருந்தவர்கள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். மேல்மடை முழுவதும் காய்ந்துகிடக்கக் கடைமடை மட்டும் கதிர் தள்ளி நிற்கிறது என்றால், நெட்டியேந்தல் சட்டப்படி அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"திருட்டுத் தண்ணி!" என்றார் இருளாண்டி. அந்த வார்த்தையைச் சொல்ல ஊரில் அவரைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்?

திருட்டு நிரூபணமாகவில்லை. ஆனால் அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. நுழைவுத் தேர்வில் இன்ஜினியரிங்குக்கான கணக்குத் தாளை எழுதப் போகிறாளா, டாக்டருக்கான உயிரியல் தாளை எழுதப் போகிறாளா, இரண்டுமா என்று குறித்துத் தரவேண்டும். அதற்குத் தக்கபடிதான் தனி வகுப்பு வைப்பார்களாம்.

"ரெண்டையும் எழுதுறேன் அய்யா. எனக்கு டாக்டருக்குத்தான் ஆசை" என்றாள் வள்ளி.

கண்மாய்க்கு ஆசை இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? கூட்டம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிரியலை மூடிவிடுவது, அந்த அரை மணியை மற்ற மூன்றுக்கும் பத்துப் பத்து நிமிடமாகத் திருப்பிவிடுவது, பிள்ளையை இன்ஜினியராக்குவது என்று முடிவாயிற்று. அதற்குச் சின்னக்கருப்பனின் கைநாட்டு மட்டும் வேண்டும்.

மைப்பெட்டியை அவன் முன்னால் தள்ளினார்கள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் போட மாட்டேன்."

அப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. இருளாண்டி எழுந்தார், அதட்டினார், உட்கார்ந்தார். சட்டம் சட்டம்தான். அதை மீறினால் நாளைக்கு அவரவர் முறைக்கும் பாதுகாப்பு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மூக்கையா, இருளாண்டி, சோணையம்மாள் மூன்று பேரும் வேப்பமரத்தடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார்கள்.

"சின்னக்கருப்பா, நல்லாக் கேளு. உயிரியலை விட்டுக்குடு. அதுக்குப் பதிலா நாலாம் மடைக் கடைசியில இருக்கிற என் வயல்ல அரை ஏக்கர் உனக்கு எழுதித் தாரேன். முறைத் தண்ணியோட. கண்மாய் நோட்டுல நெசமாவே நீ நிலக்காரன்" என்றார் மூக்கையா.

சின்னக்கருப்பன் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அரை ஏக்கர்! அவன் அய்யாவுக்கும் இல்லாதது, அவருடைய அய்யாவுக்கும் இல்லாதது. கனவில்கூட அவன் கால் ஏக்கருக்குமேல் போனதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அவனைத் தடுக்கவில்லை. யாரால் தடுக்கமுடியும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பேசினான்.

"மொதலாளி, அந்த வயலுக்கு உங்க முறை வாரப்பல்லாம் பதினேழு வருசமா நாந்தான் மண்வெட்டியோட போயி நிக்கிறேன். மேல உள்ளவுக விட்டாத்தானே? ஒரு சொட்டு வந்ததில்ல. வந்துச்சுன்னு உங்ககிட்ட வந்து பொய்யிதான் சொல்லியிருக்கேன், இல்லாட்டி ஏசுவீகளேன்னு." அவன் வள்ளியைக் காட்டினான். "இந்தப் புள்ளகிட்டருந்து எனக்குத் தெனமும் வருது. ஒரு நா தவறாம வருது. வாரதை விட்டுப்போட்டு நான் வராததை வாங்கிக்கிறவா?"

மைப்பெட்டியைத் திரும்ப எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. சோணையம்மாள் மட்டும், "அவன் சொல்றதுல தப்பில்ல" என்று முனகினாள். மூக்கையா தாளை வாங்கி, இரண்டையும் எழுதுவாள் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளில் அழுந்திக் கிழித்தது. அவர் சின்னக்கருப்பனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அரை ஏக்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த செய்தி, அவன் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் ராக்குவுக்குப் போய்விட்டது. அவள் அழவில்லை, திட்டவில்லை. உலையில் தண்ணீர் ஊற்றினாள். தட்டில் சோற்றை வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. அவள் ஏசினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. தான் செய்தது பைத்தியக்காரத்தனம்தானோ என்று அவனும் நினைக்க ஆரம்பித்துவிட்டான்.

நாலாம் நாள் காலை ஆறேகாலுக்கு அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அவளும் பின்னாலேயே வந்தாள். வாசலோடு நிற்காமல் உள்ளே வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, காலை நீட்டி நன்றாக உட்கார்ந்தாள்.

"அரை ஏக்கரு போட்டு வாங்கின முறை இது. பாதி எனக்கு" என்றாள் அவனிடம். பிறகு வள்ளியைப் பார்த்துச் சொன்னாள்: "மொதல்ல இருந்து படி தாயி."