கோழியின் சிரிப்பு

திரைப்பட விழாவின் இரண்டாம் நாள், சின்ன அரங்கில் ஒரு கார்ட்டூன்காரரின் குறும்படம். அதே நேரத்தில் பெரிய அரங்கில் ஒரு நடிகரின் பேச்சு. கழுத்தில் அட்டை மாட்டிய கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது. இங்கே நாற்காலிகள் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

கார்ட்டூன்காரர் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்தார். யாராவது வரலாமே என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

படத்தில் வரும் கோழிக்கு அவர் மனைவிதான் குரல். எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிப் பதிவு செய்தது. "நான் பயப்படல" என்பதுதான் வசனம். நாக்குப் புரண்டு "நான் பயப்படப்பட..." என்று போய், அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டாள். "வெட்டிடுங்க, மானம் போகுது" என்றாள். அவர் வெட்டவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஏற்றபடி கோழியின் அலகை வரைந்தார். வரைந்து முடிப்பதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் தனியாக அதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. நாலு பேர் நடுவில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

விழா ஒருங்கிணைப்பாளர் பெண் எட்டிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார், ஆளே இல்லை. அடுத்த படத்துக்குப் போயிடலாமா?"

"சரிம்மா" என்றார். மல்லுக்கு நிற்கத் தெரியாத மனிதர். ஆனால் எழுந்திருக்கவில்லை.

பின்சுவரின் சின்ன ஜன்னலில் ப்ரொஜக்டர்காரரின் தலை தெரிந்தது. "இருங்க மேடம். சார், நேத்து சோதனை ஓட்டத்துல பாத்தேன். அந்தக் கோழிக்குப் பேசினது யாரு?"

"என் வீட்டுக்காரி."

"கூட்டிட்டு வரலையா?"

அவர் பையின் வாரைத் தடவினார். ப்ரொஜக்டர்காரர் மேலே கேட்கவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேள்வியை நிறுத்திக்கொள்வதும் ஒரு வகைப் பிரார்த்தனைதான். உடனே போனை எடுத்தார்.

"மச்சான், வேன்ல குறட்டை விட்டது போதும், மேல வா. தரை துடைக்கிற அக்காவையும் கூட்டிட்டு வா... டிக்கெட்டா? உன் மூஞ்சிக்கு ஓசிதான்டா!"

வேன் ஓட்டும் மச்சான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "உக்கார இடம் கிடைச்சா போதும்ப்பா" என்று அக்கா பின்வரிசையில் சாய்ந்தாள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள். கார்ட்டூன்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கோழி குட்டைத் தண்ணீரின் ஓரம் வந்து நெஞ்சை நிமிர்த்தியது. "நான் பயப்படப்பட..."

மச்சான் வெடித்துச் சிரித்தார். அக்கா திடுக்கிட்டு விழித்து, "என்னடா?" என்று திரையைப் பார்த்து, ஆடும் அலகைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலிலிருந்தும் சிரிப்பு. வாசலில் நின்ற ஒருங்கிணைப்பாளரும் துப்பட்டாவால் வாயை மூடினாள்.

அந்த இரைச்சலில் மனைவியின் சிரிப்பு கேட்கவே இல்லை. அவர் முன்னால் குனிந்து காதைக் கொடுத்தார். அலகு மட்டும் திறந்து திறந்து மூடியது.

விளக்கு வந்ததும் மச்சான் தலையைச் சொறிந்தார். "நான் கத்தின கத்துல அந்தக் கோழி சிரிச்சது கேக்காமலே போச்சு சார். இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க, வாயைப் பொத்திக்கிறேன்."

"முதல்ல அவன் வாய்க்குப் பூட்டுப் போடுங்க" என்றாள் அக்கா.

ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"பொத்த வேணாம்பா" என்றார் கார்ட்டூன்காரர். "சிரிங்க. தனியாச் சிரிக்க அவளுக்குக் கூச்சம்."