ஊற்றடி முனியப்பன்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலைக்கு மேற்கே இருந்த கரட்டுக்காடு முழுவதும் அந்த வருஷம் மரம் வெட்டும் கூப்புக்கு ஏலம் போயிருந்தது. பெங்களூரில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் வருகின்றன, தெருத்தெருவாக வீடுகள் எழும்புகின்றன என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். அத்தனை வீட்டு அடுப்புக்கும் கரி வேண்டும். செங்கல் சூளைக்கு விறகு வேண்டும். கரட்டின் அடியிலிருந்து மரத்தை வெட்டிக்கொண்டே ஆட்கள் மேலே ஏறினார்கள். மரம் நின்ற இடங்களில் கரிமூட்டம் புகைந்தது.

நஞ்சம்மாவும் அந்தக் கூப்பில்தான் விறகு சுமந்தாள். புருஷன் காய்ச்சலில் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியது கரட்டடியில் ஒரு துண்டு வயல். வயலுக்கு மேலே, ஏலம் போன காட்டுக்குள், நாவலும் புங்கனும் மத்தியும் அடர்ந்த ஒரு தோப்பு. அதன் நடுவில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. ஊரில் மற்றவர்கள் வானத்தைப் பார்த்து ராகி விதைக்கையில் இவள் வயலில் மட்டும் நெல் நின்றது அந்தக் கசிவினால்தான். தோப்பு போய்விட்டால் ஊற்று வெயிலில் செத்துவிடும். பிறகு அவளும் பெங்களூருக்குச் சித்தாளாகப் போகவேண்டியதுதான்.

அவளோடு சுமை தூக்கிய சரசம்மா கேலி செய்வாள்.

"கூலிய வாங்கி மடியில முடிஞ்சிக்கினு, மரம் போவுதேன்னு அழுவற. உன்னாட்டம் ஒருத்திய நான் பாக்கலமே."

"நான் வெட்டலடி. சுமக்கத்தான் சுமக்கிறேன்."

"ஆமாமா. நீ கொல்லல, பொணத்த மட்டும் தூக்கிக்கினு போற."

நஞ்சம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகவே அவள் சரசம்மாவின் பக்கத்தில் நடப்பாள். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது.

கண்ட்ராக்டர் கங்கப்பனிடம் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். "ஐயா, ஊத்தச் சுத்தி இருக்கிற மரத்த மட்டும் உட்ருங்க."

"உட்டா பெங்களூர்ல அரிசிய ஊற வெச்சுத் தின்பாங்களாம்மா? சோறு வேக வேணாமா?" என்றார் அவர். கெட்ட மனிதர் அல்ல. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த சந்தை நாளில் ஊரே ஓசூர் போயிருந்தது. நஞ்சம்மா ஓடையிலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் ஊற்றின் தலைமாட்டில் பெரிய நாவல்மரத்தடியில் நட்டாள். தாலி அறுத்தவள் வீட்டில் குங்குமம் ஏது? கடையில் போய்க் கேட்டாலும் ஏன் எதற்கு என்பார்கள். மஞ்சளை இழைத்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கலந்தாள். ரத்தமாய்ச் சிவந்தது. அதைக் கல்லில் மூன்று பொட்டாக வைத்தாள். கும்பிடவில்லை. கும்பிட்டால் பொய் இரண்டாகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் கோடரியோடு தோப்புக்குள் நுழைந்த கரியப்பன் கல்லைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். வெட்டுக்காரர்களுக்கு அவன்தான் தலைவன்.

"முனியப்பன் இருக்கிற எடம்னு ஒருத்தனும் சொல்லலியேடா!"

அந்தப் பக்கத்தில் முனியப்பன் மரத்தில் யாரும் கோடரி வைக்கமாட்டார்கள். உதிர்ந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கமாட்டார்கள். ஆட்கள் திரும்பிவிட்டார்கள். கங்கப்பன் வந்து கத்தினார். ஒருவனும் அசையவில்லை. கோபத்தோடு லாரியில் ஏறிப் புறப்பட்டார். சரக்கோடு மேடேறிய லாரி பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டது. உருண்டு வந்து, தோப்பு ஓரத்துப் பாறையில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. கீழே இறங்கிய கங்கப்பன் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நஞ்சம்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்து அதே கங்கப்பன் செங்கல்லும் துத்தநாகத் தகடும் ஏற்றிக்கொண்டு வந்தார். "என் உயிரக் காப்பாத்தின சாமிய இருட்டுல குந்த வெக்கலாமா? ரோட்டுல போற அத்தன வண்டிக்கும் தெரியணும். முன்னால இருக்கிற மரத்தயெல்லாம் எடுத்துட்டு மேடை கட்டறேன். பொங்க வெக்க எடம் வேணும், லாரி திரும்ப எடம் வேணும்."

"முனியப்பன் மரமாச்சே" என்று கரியப்பன் தயங்கினான்.

"கரிக்கா வெட்டறோம்? சாமி காரியம்யா. ஒரு சேவல அறுத்துட்டு வெட்டு."

அது எல்லாருக்கும் சரியாகவே பட்டது. சேவல் வந்தது. ரத்தம் கல்லில் சொட்டியது.

நஞ்சம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது சாமி இல்லீங்க. ஓடைக்கல்லு. நான்தான் கொண்டாந்து நட்டேன். மஞ்சள்ல சுண்ணாம்பக் கலந்து நான்தான் பொட்டு வெச்சேன்."

திட்டுவார்கள், அடித்தாலும் அடிப்பார்கள் என்று நின்றாள். கங்கப்பனின் கண் கலங்கியது.

"கேட்டீங்களா? பொட்டில்லாதவ கையால பொட்டு வாங்கிக்கிட்டிருக்கான். இத்தன பேர உட்டுட்டு உன்னக் கூப்பிட்டிருக்கான் பாரும்மா!"

"ஐயோ, யாரும் கூப்பிடலீங்க. என் வயலுக்குத் தண்ணி வேணும்னுதான் செஞ்சேன்."

"கூப்பிட்டது உனக்கெப்பிடித் தெரியும்?" என்றான் கரியப்பன். சொல்லிவிட்டு முதல் நாவலின் அடியில் கோடரியை ஓங்கினான்.

"வெட்டாத!"

அவள் போட்ட சத்தத்தில் கோடரி பாதியில் நின்றது. கரியப்பன் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது. "யாரு சொல்றது? நீயா, அவனா?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சரசம்மாவும் பார்த்தாள். 'நான்' என்றால் மரம் விழும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. முடியை அவிழ்த்து உதறினாள். உடம்பு நடுங்கியது. அது நடிப்பா, பயமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"முனியப்பன்டா! எனக்கு மேடை வாணாம், தகடு வாணாம். நெழலு வேணும். இங்க ஒரு கெளை உழுந்தாலும் உன் லாரி ஊரு போய்ச் சேராது!"

கரியப்பன் கோடரியைக் கீழே வைத்தான். கங்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செங்கல் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

கூப்பு முடியும்போது கரடு மொட்டையாகிவிட்டது. நடுவில் அந்தத் தோப்பு மட்டும் பச்சையாய் நின்றது. ஊற்றும் வற்றவில்லை. நஞ்சம்மாவை வழியில் பார்ப்பவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திருநீறு கேட்டு வந்தார்கள், வாங்கியதும் போய்விட்டார்கள். அவள் வந்து உட்கார்ந்தால் பெண்களின் பேச்சு அடங்கிவிடும்.

கடைசிச் சரக்கு ஏற்றும் நாளில் அவளும் சும்மாட்டோடு போனாள். விறகைக் கட்டி நிமிர்த்திவிட்டுக் கூப்பிட்டாள். "சரசு, ஒரு கை குடுடி."

தலைச்சுமை என்றால் தூக்கிவிட எதிரே ஒரு ஆள் வேண்டும். சரசம்மா கிட்டே வரவில்லை.

"நீங்க சுமக்கக் கூடாதும்மா. பாவம் எங்களுக்கு வந்து சேரும்."

"என்னாடி 'நீங்க'? எப்பவும்போல ஒரு வார்த்தை திட்டேன்."

சரசம்மா பதறிக் கைகூப்பினாள். கூப்பிய கையோடு இரண்டடி பின்னால் போய், மற்றவர்களோடு சேர்ந்து லாரிப் பக்கம் நடந்தாள்.

நஞ்சம்மா சுமையைக் கீழே சாய்த்தாள். பிறகு கட்டைப் பிரித்தாள். ஒற்றை ஆளாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவை மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டு, மீதியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.